ஹோல்டர் பாக்கெட்டின் மேல் மில்லிமீட்டரை எழுதுங்கள்

நாணயக் கண்காட்சிகளில் காசைப் பாதுகாத்து வைக்கும் ஹோல்டர், கேப்சூல் (மூடியுள்ள வட்டப் பிளாஸ்டிக் கூடு), ஆல்பம் விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். நீங்கள் விற்கும் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் அதன் உள்விட்டம் எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு தடிமனான காசு வரை அதில் போடலாம், எந்தப் பிளாஸ்டிக்கில் செய்தது என்று எழுதி ஒட்டுங்கள். "சின்னது, மீடியம், பெருசு" என்று சொல்லி விற்பதால் எத்தனையோ நல்ல காசுகள் வீணாகின்றன.

புதிதாகச் சேகரிக்க ஆரம்பித்த ஒருவர் வந்து, "ஒரு ரூபாய்க்கு ஹோல்டர் கொடுங்க" என்று கேட்கிறார். நீங்களும் ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டுகிறீர்கள். எந்த ஒரு ரூபாய்? 1982 வரை வந்தது 28 மி.மீ. 1983இல் அது 26 ஆனது. 1992இல் வந்த எவர்சில்வர் காசு 25. 2011இல் 22 ஆகச் சுருங்கியது, 2019 வரிசையில் 20. சுதந்திர இந்தியாவின் ஒரு ரூபாய்க்கு மட்டுமே இத்தனை அளவு. 28க்கான ஹோல்டரில் 22ஐப் போட்டால் காசு உள்ளே அலைந்துகொண்டே இருக்கும். ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் முகப்பில் மேடாக இருக்கும் இடங்கள் பிளாஸ்டிக்கில் உரசும். எவர்சில்வர் ஓரளவு தாங்கும். வெள்ளி தாங்காது.

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் குவார்ட்டர், ஹாஃப் டாலர் என்று அமெரிக்க அளவுகளே அச்சாகியிருக்கும். குவார்ட்டர் என்பது 24.3 மி.மீ. அதை நம் கால் ரூபாய்க்கு என்று வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நம் 25 பைசா வெறும் 19 மி.மீ. பெட்டியில் என்ன அச்சாகியிருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் தமிழில் ஒரு சீட்டு ஒட்ட ஐந்து நிமிடம் போதும்.

அதிகம் அடிபடுவது விக்டோரியா, ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய்தான். எடை 11.66 கிராம், விட்டம் முப்பதரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். விக்டோரியா ரூபாய்களில் சில இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கும். ஆனால் மேசையில் பெரும்பாலும் கிடைப்பது '30' என்று பெயர் போட்ட கேப்சூல். அரை மில்லிமீட்டர்தானே என்று கட்டைவிரலால் அழுத்தினால் காசு உள்ளே போய்விடும், விளிம்பில் பளிச்சென்று ஒரு கோடும் விழுந்துவிடும். நூறு வருடம் ஆகி, சாம்பலும் நீலமுமாகப் படிந்திருந்த நிறத்தில் அந்தக் கோடு மட்டும் புது வெள்ளியாக மின்னும். அதை எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது. இந்த ரூபாய்க்கு 31 மி.மீ. கேப்சூல் வேண்டும். அட்டை ஹோல்டர் (காசு தெரிய நடுவில் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்து, ஸ்டேபிளர் பின் அடித்து மூடும் அட்டை) என்றால் 32.5 மி.மீ. ஜன்னல் உள்ளது வேண்டும். அட்டையில் எப்போதும் காசைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அட்டை விளிம்பை மறைத்துவிடும். இதை வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அவருக்கு முதல் ஆசிரியர் நீங்கள்.

விட்டம் மட்டும் போதாது. பழைய செப்பு-நிக்கல் 5 ரூபாயும் பிறகு வந்த மெல்லிய 5 ரூபாயும் 23 மி.மீ.தான். ஆனால் பழையது 9 கிராம், அடுத்தது 6. மெல்லியதற்காகச் செய்த கேப்சூலில் தடித்ததை வைத்து மூடினால் மூடி முழுசாக உட்காராது, இடைவெளி வழியே ஈரக்காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் அதன் விளைவு சீக்கிரமே தெரிந்துவிடும். அட்டை ஹோல்டரின் ஸ்டேபிளர் பின் துருப்பிடிப்பதும் இந்தக் காற்றால்தான். பின்னின் கால்களைக் குறடு வைத்துத் தட்டையாக நசுக்கச் சொல்லுங்கள். அடுக்கி வைக்கும்போது ஒன்றின் பின் அடுத்ததன் ஜன்னலைக் கிழிக்காது.

வட்டமில்லாத காசுகளுக்கு முனையிலிருந்து எதிர் முனைக்கு அளக்க வேண்டும். சதுர 5 பைசா, அறுகோண 20 பைசா, பூவிதழ் விளிம்பு கொண்ட 10 பைசா எல்லாம் பெரும்பாலும் அலுமினியம், எளிதில் வளையும் அளவுக்கு மென்மையானவை. பக்கத்திலிருந்து பக்கத்துக்கு அளந்து வாங்கினால் முனைதான் முதலில் மழுங்கும். சங்க காலச் சதுரச் செப்புக் காசுக்கோ, சோழர் காசுக்கோ வட்ட கேப்சூலே விற்காதீர்கள். இரண்டு காசு ஒரே அளவில் இருக்காது. பிவிசி (காசைக் கெடுக்கும் ஒரு வகைப் பிளாஸ்டிக்) இல்லாத பை போதும், கூடவே விவரம் எழுத ஒரு சீட்டு.

நினைவு நாணயங்கள் வேறு கதை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டுக்கு வந்த 1000 ரூபாய், எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் 100 ரூபாய், நாடாளுமன்றப் புதுக் கட்டடத்துக்கு வந்த 75 ரூபாய், மூன்றுமே 44 மி.மீ., 35 கிராம். வழக்கமான இரண்டு அங்குல அட்டையில் இதற்கு இடமே கிடையாது, அதன் பெரிய ஜன்னலே 39.5தான். ஆனாலும் மக்கள் இதை ஆல்பத்தின் பெரிய பாக்கெட்டில் திணிக்கிறார்கள், ஏனென்றால் மேசையில் 44 மி.மீ. கேப்சூல் இல்லை. தமிழ்நாட்டில் இவை விரும்பி வாங்கப்படுகிற காசுகள். தயவுசெய்து இருப்பு வையுங்கள்.

கடைசியாகப் பிளாஸ்டிக். இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது. வளைந்து கொடுக்கும், புதுசில் ரெக்ஸின் வாசனை அடிக்கும் ஆல்பம் பெரும்பாலும் பிவிசி. ஒரு தம்பி 1917ஆம் ஆண்டு ரூபாயை அப்படிப்பட்ட ஆல்பத்தில் வைத்திருந்து கொண்டுவந்து காட்டினார். அரசர் முகத்தைச் சுற்றிப் பச்சையாகப் பிசுபிசுப்பு, தொட்டால் விரலில் ஒட்டியது. பிவிசியிலிருந்து கசியும் அமிலம் வெள்ளியோடு கலந்திருக்கும் செம்பைத் தின்ற அடையாளம் அது. ஆரம்பத்திலேயே பார்த்தால் சுத்தமான அசிட்டோனில் போட்டு எடுத்துவிடலாம். நகப்பூச்சு நீக்கும் திரவம் ஆகாது. உலோகத்தை அரித்த பிறகு குழிகள் அப்படியே நின்றுவிடும். "இதுதான் பெஸ்ட் ஆல்பம்" என்று சொல்லித்தான் அவருக்கு விற்றிருக்கிறார்கள்.

மைலார், பாலிப்ரொப்பிலீன், பாலிஸ்டைரீன், அக்ரிலிக் இவை பாதுகாப்பானவை. கொள்முதல் செய்யும்போது சந்தேகம் வந்தால் செம்புக் கம்பியைச் சூடாக்கிப் பிளாஸ்டிக்கைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது. அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். புகை கெடுதல் என்பதால் இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

விலை கொஞ்சம் கூடும் என்பது தெரியும். நல்ல கேப்சூல் என்று தெரிந்தால் கொடுக்கத் தயாராக இருக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நானும் ஒருவன். அடுத்த கண்காட்சியில் உங்கள் மேசையில் விட்டமும் தடிமனும் அளக்கும் ஒரு பிளாஸ்டிக் வெர்னியர் காலிப்பரை வையுங்கள். உலோகம் வேண்டாம், காசைக் கீறிவிடும். வருகிறவர் தன் காசைத் தானே அளந்து, தனக்குத் தேவையான எண்ணைச் சொல்லி வாங்கட்டும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்து 2020இல் வந்த பன்னிரண்டு பக்க 20 ரூபாய் வரை எந்தக் காசுக்கு எந்த அளவு என்று ஒரு அட்டவணை தயாரித்து வைத்திருக்கிறேன். கேட்கிற எல்லாருக்கும் இலவசமாகத் தருகிறேன், அச்சடித்து மேசையில் ஒட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஒரு நாணயச் சேகரிப்பாளர்