கப்பல் மூழ்கியது சரி, கதையைச் சொன்னது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் அமெரிக்க இலக்கியம் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை முழுக்க யார் எங்கே பிறந்தார், என்ன வேலை பார்த்தார், எந்த வருஷம் என்ன பரிசு வாங்கினார் என்பதுதான். மெல்வில் திமிங்கல வேட்டைக் கப்பலில் போனார், அதனால் 'மோபி டிக்' எழுதினார். ஹெமிங்வே மீன் பிடித்தார், அதனால் 'கிழவனும் கடலும்' எழுதினார். அப்படிப் பார்த்தால் எங்கள் பாம்பனில் இந்நேரம் தெருவுக்கு நாற்பது நாவல் வந்திருக்க வேண்டும்.

நான் வீட்டில் கல்லூரிப் பெண்களுக்கு ஆங்கில இலக்கியம் டியூஷன் எடுக்கிறேன். அவர்கள் வாங்கி வருகிற நோட்ஸும் இதே லட்சணம்தான்: பத்து வரி வாழ்க்கை, ஐந்து வரி கதைச் சுருக்கம், அப்புறம் கருப்பொருள். கதை யார் வாயிலிருந்து வருகிறது என்று ஒரு வரி இருக்காது. ஆகவே என் சண்டை உங்கள் கட்டுரையோடு மட்டும் இல்லை, நீங்கள் கோபிக்க வேண்டாம்.

இந்த விஷயம் எனக்கே உறைத்தது என் அப்பாவால்தான். நாற்பது வருஷம் வல்லத்தில் (மீன்பிடிப் படகில்) கடலுக்குப் போனவர், இப்போது முழங்கால் வலியோடு திண்ணையில் உட்கார்ந்து நான் பாடம் நடத்துவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். 'கிழவனும் கடலும்' நடத்திய அன்று, 84 நாள் மீன் படாத கிழவன், 40 நாள் பார்த்துவிட்டுப் பையனை வேறு படகுக்கு அனுப்பிவிட்ட அப்பா அம்மா என்று சொல்லிக்கொண்டு வந்தேன். "பின்னே, எந்தப் பெத்தவங்களும் அதைத்தானே செய்வாங்க" என்றார். பெரிய மார்லின் தூண்டிலில் விழுந்தது என்றதும் அதன் நீளம் கேட்டார். 18 அடி, நம் கடலில் கிடைக்கிற மயில் மீனுக்குச் சொந்தக்கார மீன்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தனியாத்தானே போனான், கூட ஆளே இல்லை, அவன் மனசுல நெனச்சது வரைக்கும் இந்த எழுதுன ஆளுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி போட்டார். பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் பதினைந்து வருஷமாக அந்தப் புத்தகத்தை நடத்துகிறேன், ஒரு நாளும் எனக்கு அது தோன்றவில்லை.

தேடிப் பார்த்ததில் கிடைத்தது இது. 1936இல் எஸ்கொயர் பத்திரிகையில் ஹெமிங்வே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். கியூபாக் கரையில் ஒரு கிழவன் தனியாகப் போய்ப் பெரிய மார்லினைப் பிடிக்கிறான், அது படகை நடுக்கடலுக்கு இழுத்துப் போகிறது, சுறாக்கள் தின்றுவிடுகின்றன, வேறு மீனவர்கள் வந்து அவனைத் தூக்கியபோது படகில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். ஆக, கதை அவருக்குக் கேள்விப்பட்ட சேதியாக வந்ததுதான். பதினாறு வருஷம் கழித்து, 1952இல் நாவல் வருகிறது. அதில் கிழவனை யாரும் தூக்கவில்லை, அவனாகவே கரைக்கு வருகிறான். அழவும் இல்லை. மறுநாள் காலையில் அவன் கைகளைப் பார்த்துப் பையன்தான் அழுகிறான். கிழவனின் கண்ணீரை எடுத்துப் பையனிடம் கொடுத்துவிட்டார்! ஹெமிங்வே படகு வைத்திருந்தார், கியூபாவில் வாழ்ந்தார், இதெல்லாம் உண்மை, ஆனால் படகு வைத்திருந்த எத்தனை பேர் இந்த ஒரு மாற்றத்தைச் செய்திருப்பார்கள்?

அப்பா கேட்ட அதே கேள்வியை 1851லேயே லண்டன்காரர்கள் கேட்டுவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. மெல்வில் நாவலான 'மோபி டிக்' முதலில் லண்டனில் அக்டோபரில், 'திமிங்கலம்' என்ற பெயரில் மூன்று பாகமாக வந்தது. அந்தப் பதிப்பில் கடைசிச் சிறு பகுதி விடுபட்டுப்போனது. கப்பல் மூழ்குகிறது, ஒரே திமிங்கலத்தை வெறியோடு துரத்திய கேப்டன் போய்விட்டான், எல்லாரும் போய்விட்டார்கள், அவ்வளவுதான், புத்தகம் முடிந்தது. விமர்சகர்கள் சிலர் பிடித்துக்கொண்டார்கள்: எல்லாரும் செத்தாயிற்று என்றால் இந்தக் கதையை நமக்குச் சொன்னவன் எப்படிப் பிழைத்தான்? அடுத்த மாதம் நியூயார்க்கில் வந்த பதிப்பில் அந்தப் பக்கம் இருந்தது. தன் நண்பனுக்காகச் செய்த சவப்பெட்டி மிதந்து வர, அதைப் பிடித்துக்கொண்டு இஸ்மாயில் தப்பிக்கிறான். (கதைசொல்லியின் பெயர் இஸ்மாயில் என்றதும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். கீழக்கரையில் அவருக்கு அந்தப் பெயரில் மூன்று கூட்டாளிகள்.)

மெல்வில் 1841 ஜனவரியில், 21 வயதில், திமிங்கலக் கப்பல் ஏறினார், மறு வருஷமே ஒரு தீவில் இறங்கி ஓடிவிட்டார். சரி, அனுபவம் இருந்தது. ஆனால் அவர் கதையைக் கேப்டனிடம் கொடுக்கவில்லை, கூலிக்குப் போன சாதாரண ஆளிடம் கொடுத்தார். சம்மாட்டியின் (படகு முதலாளியின்) வெறியை வல்லத்தில் கடைசி ஆளாகப் போனவன் சொல்கிறான். அவனுக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு தெரியுமா, 300இல் ஒன்று. "செலவு போகவா, செலவோடயா?" என்று அப்பா உடனே கேட்டார். செலவு போகத்தான். இந்தப் பங்கு பேசுகிற அத்தியாயத்தை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவே தேவையில்லை. அதேபோல திமிங்கலத்தின் வயிற்றில் உண்டாகிற அம்பர் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது, நம் கரையோரம் கடத்தலில் பிடிபட்டதாக உங்கள் பத்திரிகையிலேயே செய்தி வருமே, அந்த அம்பர்கிரீஸ்தான்.

உங்கள் கட்டுரையில் ஃபிரடெரிக் டக்ளஸ் பெயரே இல்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம். அடிமையாகப் பிறந்தவர், பால்டிமோர் கப்பல் பட்டறையில் கலப்பத்து அடித்தவர், பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைக்கிற அதே வேலை. 1838இல் மாலுமி உடை போட்டுக்கொண்டு, சுதந்திர கறுப்பின மாலுமி ஒருவரின் சான்றிதழை இரவல் வாங்கிக்கொண்டு, ரயிலேறித் தப்பினார். 1845இல் தன் வரலாற்றை வெளியிட்டார், தலைப்பிலேயே 'அவரே எழுதியது' என்று போட வேண்டியிருந்தது, அதற்கு மேலும் இரண்டு வெள்ளைக்காரர்கள் முன்னால் சாட்சி எழுதித் தர வேண்டியிருந்தது. அப்படி வந்த புத்தகத்தில் எல்லாரும் ஆவலாக எதிர்பார்க்கிற இடம், எப்படித் தப்பினார் என்பது, அதை மட்டும் அவர் சொல்லவில்லை. சொன்னால் உதவியவர்களுக்கு ஆபத்து, பின்னால் தப்பப் பார்ப்பவர்களுக்கு வழி அடைபடும். 1881இல்தான் வாய் திறந்தார். சொல்லாமல் விட்டதும் கதை சொல்கிற முறைதானே. நம் கரையிலும் எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) மீன் கிடக்கிறது என்பதை யாராவது வாய்விட்டுச் சொல்கிறார்களா?

அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஹாரியட் ஜேக்கப்ஸ் இன்னொருவர். ஒன்பதடி நீளம், ஏழடி அகலம், உயரமான இடத்திலேயே மூன்றடி இருந்த ஒரு பரணில் கிட்டத்தட்ட ஏழு வருஷம் ஒளிந்திருந்தார். 1861இல் எழுதியபோது தன் பெயரை லிண்டா என்று மாற்றிக்கொண்டார். பெயரை மாற்றினால் பாதுகாப்பு, ஆனால் விலை என்ன ஆயிற்று என்றால், நூறு வருஷத்துக்கு மேல் பலர் அதைக் கற்பனை நாவல் என்றே நினைத்திருந்தார்கள்.

மார்க் ட்வெய்ன் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நீராவிப் படகு ஓட்டியவர் என்று. அந்தப் புனைபெயருக்கு அர்த்தம் இரண்டு பாகம் (விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம்) ஆழத் தண்ணீர் என்பதையும் சேர்த்திருக்கலாம், ராமநாதபுரம் வாசகர்கள் கையை விரித்து அளந்து பார்த்திருப்பார்கள். டாம் சாயர் கதையை ஆசிரியராக நின்று சொன்ன அதே மனிதர், ஹக்கிள்பெரி ஃபின்னில் படிப்பு ஏறாத பையனையே பேசவிட்டார். 1885இல் கன்கார்டு ஊர் நூலகம் அதை வெளியே தள்ளியது.

ஃபாக்னர் நாவல் ஒன்றில் பதினைந்து பேர் மாறி மாறிப் பேசுகிறார்கள், செத்துப்போன அம்மாகூட ஒரு தடவை பேசுகிறாள். ஒரு அத்தியாயம் முழுக்க ஒரே வரி, 'என் அம்மா ஒரு மீன்.' மற்ற ஊரில் இதற்கு விளக்கம் கேட்பார்கள் போல. என் டியூஷனில் யாரும் கேட்கவில்லை.

போன வாரம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போனபோது புயலில் கடல் அடித்துக்கொண்டு போன ரயில். நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், யாரும் மிஞ்சவில்லை. ஆனால் பெட்டிக்குள் நடந்ததை ஊரில் எல்லாரும் சொல்வார்கள். ஜன்னலை இறக்கிவிட்டார்கள் என்பார் ஒருவர், டிரைவர் விசில் அடித்துக்கொண்டே இருந்தார் என்பார் இன்னொருவர். யார் வந்து சொன்னது? நீங்கள் எழுதினால் யாரைச் சொல்ல வைப்பீர்கள் என்று கேட்டேன். ஒருத்தி ஸ்டேஷனில் காத்திருந்தவரை எடுத்துக்கொண்டாள், ஒருத்தி ரயிலையே பேச வைத்தாள், அது அவ்வளவாக ஒட்டவில்லை. ஒருத்தி மூன்று முறை கிழித்துப்போட்டுவிட்டு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தாள்: 'நான் அந்த ரயிலில் ஏறவில்லை.' மீதிக்கு நான் இன்னும் காத்திருக்கிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் பற்றாவிட்டால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். லண்டன் பதிப்புக்காரர்கள் மாதிரி கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன்.