போகல் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

2025 ஜூன் 1-ஆம் தேதி டில்லி ஜங்க்புராவில், தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த எங்கள் மதராஸி கேம்ப் குடிசைப் பகுதியை இடித்தது உங்களுக்குத் தெரியும். டிவியில் பார்த்திருப்பீர்கள், பலர் நேரிலேயே வந்து நின்றீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்கு மனசு வரவில்லை. மதராஸி கேம்ப் பிள்ளைகள் சார்பில் நன்றி சொல்லத்தான் இந்த மடல். டில்லியின் வடக்கு ஓரத்தில், நரேலாவில் கிடைத்த மாற்று வீட்டைச் சரிசெய்யும் அலைச்சலிலேயே இது விட்டுப்போய்விடும் போலிருந்தது. அதனால் இன்றே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அண்டா அண்டாவாகச் சோறு கொண்டுவந்தவர்கள், டெம்போ வாடகை கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனவர்கள், அம்மாக்கள் வேலை செய்யும் வீடுகளில் எங்கள் பீரோவையும் மிக்ஸியையும் போட்டுவைக்க இடம் கொடுத்தவர்கள், கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் எங்களோடு அலைந்த வக்கீல் அண்ணன்கள், "பிள்ளைய மட்டும் ஸ்கூலுக்கு அனுப்பிடுங்க, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்று விடாமல் போன் போட்ட டீச்சர்கள். எல்லோருக்கும் கை கூப்பி நன்றி. ஒரு பெயரைப் போட்டு ஒன்பது பெயரை விட்டால் வம்பு, அதனால் பெயர்கள் வேண்டாம்.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

ஜங்க்புரா பக்கத்துப் போகல் மார்க்கெட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் சர்தார்ஜி, எங்களுக்கு அங்கிள். சிடுமூஞ்சி என்றுதான் எங்கள் கேம்ப்பில் அவருக்குப் பெயர். இரண்டு ரூபாய் சில்லறை இல்லையென்றால் காகிதத்தைக் கையில் கொடுக்க மாட்டார். யாருக்கு மாற்று வீடு என்று கணக்கெடுப்பு நடந்த சமயத்தில் கேம்ப்பே அவர் கடை வாசலில்தான் நின்றது. 2015 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இங்கே குடியிருக்கிறோம் என்று காட்ட வேண்டும். வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, கரண்ட் பில் என்று எல்லாவற்றையும் அவர் ஸ்கேன் செய்தார். அந்தக் கணக்கெடுப்பில் சுமார் 370 வீடுகளில் 189 குடும்பத்துக்குத்தான் நரேலாவில் இடம் என்று வந்தது. மற்றவர்கள் இப்போது எங்கெங்கோ வாடகைக்கு இருக்கிறார்கள், சிலர் ஊருக்கே போய்விட்டார்கள்.

வீடு மாறிய குழப்பத்தில் பல வீட்டுக் காகிதங்கள் காணாமல் போயின, மீதி மழையில் நனைந்து கூழாயின. சரியாகக் காலேஜ் சேர்க்கை நேரம். மார்க் ஷீட்டுக்குக் கவலையில்லை, அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் இருக்கிறது. சாதிச் சான்றிதழ்தான் சிக்கல். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம் என்றால், அப்பா ஊரில் வாங்கிய சான்றிதழைக் காட்டித்தான் பிள்ளைக்கு டில்லியில் வாங்க முடியும். அந்தப் பழுப்பேறிய தாள் எந்த டிஜிலாக்கரில் இருக்கும்?

எங்களில் ஒருத்தி சும்மா கேட்டுப் பார்க்கலாம் என்று போகல் போனாள். அங்கிள் ஒன்றும் பேசாமல் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். எல்லாம் இருந்தது. எங்கள் அப்பா அம்மா பெயர்கள் அவர் வாயில் நுழையாது என்பதால் பிள்ளைகள் பெயரில் தனித்தனி ஃபோல்டர். "செல்வி மம்மி", "லம்பா முருகன்", "சோட்டா முருகன்" (நெட்டை முருகன், குட்டை முருகன்). என் தம்பி பெயரில் ஒன்று, அதில் தாத்தாவின் 1990-களின் ரேஷன் கார்டுகூட இருந்தது. ஏன் அங்கிள் வைத்திருந்தீர்கள் என்றால், "அழிக்க நேரமில்லை" என்கிறார். நேரமில்லாதவர் இரண்டு முருகனுக்கும் உயரம் பார்த்தா பெயர் வைப்பார்?

நகல்தானே என்று தோன்றலாம். நகலில் எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, எந்தத் தாலுகா ஆபீஸ் முத்திரை என்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் விழுப்புரத்திலும் கள்ளக்குறிச்சியிலும் சித்தப்பா, மாமாக்களை விரட்டி மனு போட வைத்தோம். ஒரு நாள் முழுக்க அவர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அசலை லேமினேட் செய்யாதீர்கள், சில ஆபீசில் வாங்க மாட்டார்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார், திட்டிக்கொண்டேதான். எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி எங்களிடம் தந்துவிட்டு, எங்கள் கண் முன்னாலேயே தன் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தார். "இனிமேல் இது உங்கள் பொறுப்பு, என் தலைவலி முடிந்தது."

அவர் தலைவலி எங்கள் தலைக்கு வந்தது நல்லதுக்குத்தான். வீடு போனதற்குக் காரணம் ஆயிரம் சொல்லலாம். ஆனால் பாதிப் பேருக்கு மாற்று வீடு கிடைக்காமல் போனதில் காகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் அப்பாக்கள் உழைத்தார்கள், காகிதம் சேர்க்கவில்லை, சேர்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவுமில்லை. பெரியவர்கள் இப்போதும் "பேசாம ஊருக்கே போயிடலாம்" என்கிறார்கள். அவர்களுக்கு ஊர் இருக்கிறது. இங்கேயே பிறந்த எங்களுக்கு அது லீவுக்குப் போகிற இடம், அவ்வளவுதான். நாங்கள் இங்கேதான் இருக்கப் போகிறோம். ஒருத்தி சட்டம் படிக்க விண்ணப்பித்திருக்கிறாள், கோர்ட்டில் மணிக்கணக்காக நின்று பார்த்ததில் வந்த ஆசை. லம்பா முருகனுக்கு நர்சிங்.

எங்கள் பயம் வேறு. டில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் ஏழு இருக்கின்றன, ஒன்றுகூட நரேலா பக்கம் இல்லை. பெரிய பிள்ளைகள் பஸ் பிடித்து, சமய்பூர் பாத்லியில் மெட்ரோ ஏறி, ஜோர் பாக் இறங்கி லோதி எஸ்டேட் போய் வருகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை அப்படிப் போகுமா? பக்கத்துப் பள்ளியில்தான் சேர்க்கிறார்கள். இப்படியே விட்டால் தமிழ் பேச்சோடு நின்றுவிடும். அம்மா ஊரிலிருந்து வரும் கடிதத்தைக்கூட யாரிடமாவது நீட்ட வேண்டியிருக்கும்.

அதனால் நாங்கள் சிலர் சேர்ந்து இரண்டு காரியம் செய்வதாக இருக்கிறோம். இந்த வட்டாரத்தில் எந்தக் குடும்பமாக இருந்தாலும், தமிழோ பிகாரியோ, காகிதங்களை ஸ்கேன் செய்து பத்திரப்படுத்தித் தருவோம், காசு வாங்காமல். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று வருஷா வருஷம் பார்த்துச் சொல்வோம். அப்புறம், சாயங்காலம் மாடிப்படி அருகே சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து. இது ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது, "ழ"வில்தான் எல்லோரும் நிற்கிறார்கள்.

உதவி செய்தவர்களிடமே மறுபடி கேட்பது முறையா தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரை பழைய தமிழ்ப் பாடநூல்கள் யார் வீட்டிலாவது இருந்தால் கொடுங்கள். தடித்தடியான இலக்கியப் புத்தகங்கள் இப்போதைக்கு வேண்டாம், இரண்டு மூட்டை வந்துவிட்டது.

நன்றியுடன்,
மதராஸி கேம்ப் பிள்ளைகளில் ஒருத்தி
நரேலா, டில்லி