ரோஜர் வெர் திருடன் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழின் வணிகப் பக்கத்தில் அமெரிக்க பிட்காயின் முதலீட்டாளர் ரோஜர் வெர் பற்றி வந்த கட்டுரையைக் கடையில் உட்கார்ந்தே படித்தேன். வரி ஏய்ப்பு வழக்கில் சிக்கிய அவரைத் 'திருடன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு சொல்தான். ஆனால் மூன்று நாளாக அது மனதை விட்டுப் போகவில்லை.

நான் ரிச்சி தெருவில் இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டருக்கான ராம் (மெமரி), ஹார்ட் டிஸ்க், பழைய நெட்வொர்க் சாமான் விற்கிறவன். ரோஜர் வெர் செய்ததும் இதே வியாபாரம்தான். கலிபோர்னியாவில் மெமரி டீலர்ஸ் என்று கம்பெனி நடத்தினார். 2011-லேயே பிட்காயின் என்ற டிஜிட்டல் காசை வாங்கிக்கொண்டு சாமான் கொடுத்த கடை அது. அதைச் சொல்லிச் சாலையோரத்தில் பெரிய விளம்பரப் பலகையும் வைத்தார். பிட்காயின் என்றால் ஏதோ விளையாட்டுக் காசு என்று உலகம் நினைத்திருந்த நேரம். அவர் பேச்சைக் கேட்டுத்தான் நானும் 2013-ல் அரைக் காயினுக்கும் குறைவாகக் கொஞ்சம் வாங்கினேன்.

வழக்கு என்ன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்கக் குடியுரிமையை விடுகிற பணக்காரர், சொத்தை எல்லாம் விற்றுவிட்டதாகவே வைத்துக் கணக்குப் போட்டு, விற்காத லாபத்துக்கும் வரி கட்ட வேண்டும். அந்தக் கணக்கில் காயினைக் குறைத்துக் காட்டினார் என்பதுதான் குற்றச்சாட்டு. வெர் 2014 பிப்ரவரியில் கரீபியன் தீவு நாடான செயின்ட் கிட்ஸ் நெவிஸின் குடிமகனாகி, மார்ச் தொடக்கத்தில் அமெரிக்கக் குடியுரிமையை விட்டார். பிட்காயினைச் சொத்தாகக் கருதுவோம் என்று அமெரிக்க வரித்துறை முதன்முதலாக அறிவித்தது அதே மார்ச் 25-ஆம் தேதி. அதற்குள் அவர் போய்விட்டார். இந்தத் தேதி உங்கள் கட்டுரையில் இல்லை.

அவரிடமும் அவர் கம்பெனிகளிடமும் சேர்த்து சுமார் 1,31,000 பிட்காயின் இருந்தது, ஒன்று சுமார் 871 டாலர் என்றது அரசுத் தரப்பு. ஆனால் அந்தப் பிப்ரவரியில்தான் டோக்கியோவிலிருந்த மவுண்ட் காக்ஸ் என்ற பிட்காயின் சந்தை, வாடிக்கையாளர்கள் காயின் எடுப்பதை நிறுத்தி, மாதக் கடைசியில் திவால் மனுவும் போட்டது. அந்த நேரத்தில் இத்தனை காயினையும் ஒருவர் கொண்டுவந்து கொட்டினால் 871 நிற்குமா? எங்கள் தெருவில் ஒரு ராம் 900 ரூபாய்க்குப் போகிறது என்பதற்காக ஒரு கன்டெய்னர் ராமையும் யாரும் 900 கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சரக்கு கைமாற்றிப் பிழைக்கிறவனுக்கு இது புரியும்.

அவரே ஒப்புக்கொண்டாரே என்பீர்கள். ஆமாம், 2025 அக்டோபரில் ஒப்புக்கொண்டார். இருந்த காயின் எல்லாவற்றையும் கணக்கில் காட்டவில்லை என்று எழுதிக் கொடுத்து, வரி, அபராதம், வட்டி என்று கிட்டத்தட்ட 5 கோடி டாலர் கட்டினார். அவர் செய்தது சரி என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் 2024-ல் ஸ்பெயினில் அவரைக் கைது செய்தபோது, அமெரிக்க அரசுக்குக் குறைந்தது 4.8 கோடி டாலர் நஷ்டம் என்றார்கள். கடைசியில் அரசோடு செய்த உடன்பாட்டில் எழுதிய நஷ்டம் சுமார் 1.7 கோடிதான். முதல் தொகையைக் கொட்டை எழுத்தில் போட்ட நீங்கள், இரண்டாவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

கையெழுத்துப் போட்டால் திருடன் என்றால், நானும் திருடன்தான். 2017 டிசம்பரில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக என் காயினை விற்றேன். ஆடிட்டர் ரிட்டர்ன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பென்சிலால் ஓர் இடத்தில் வட்டம் போட்டார், அப்புறம் அதை அழித்தார். "இதுக்குன்னு கட்டமே இல்ல சார்" என்றார். இதர வருமானம் என்று காட்டி, அவர் சொன்ன வரியைக் கட்டினேன். மூன்று வருடம் கழித்து ஏன் அந்தத் தலைப்பில் காட்டினாய் என்று நோட்டீஸ் வந்தது. ஏழு தடவை படியேறினேன். ஒவ்வொரு நாளும் கடையைப் பூட்டிவிட்டுத்தான் போனேன். கடைசியில் வட்டியோடு 38,000 ரூபாய் கட்டி, தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விட்டால் போதும் என்றிருந்தது. அன்று இரவு என் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இங்கே மட்டும் என்ன தெளிவு இருந்தது? பிட்காயின் போன்ற கிரிப்டோ காசு வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. என் கணக்கு இருந்த வங்கி, கடை வரவு செலவு நடக்கும் கணக்கையே நிறுத்தி வைத்தது. சம்பளம் கொடுக்கக் கைமாற்று வாங்கினேன். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. என்னிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. 2022-ல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி வந்தது. கிரிப்டோ ஒரு சொத்து என்று நம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதே 2025 அக்டோபரில்தான், வெர் பணம் கட்டிய அதே மாதம்.

பழைய வெடி வழக்கையும் இழுத்திருக்கிறீர்கள். பறவை விரட்டும் வெடியை உரிமம் இல்லாமல் இணையத்தில் விற்றதற்காக 2002-ல் பத்து மாதத் தண்டனை பெற்றவர் அவர். 'வெடிபொருள் வியாபாரி' என்று மட்டும் எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? மவுண்ட் காக்ஸில் பணம் இருக்கிறது என்று 2013-ல் வீடியோ போட்டது அவர் செய்த பெரிய பிழை. அதை நம்பி நஷ்டப்பட்டவர்களின் கோபம் நியாயமானது. அதற்கு அவர் மன்னிப்புக் கேட்டார் என்பதையும் எழுதியிருக்கலாம். சில்க் ரோடு என்ற இணையப் போதைப்பொருள் சந்தை நடத்தி ஆயுள் தண்டனை பெற்ற ராஸ் உல்பிரிக்ட்டுக்கு 2025 ஜனவரியில் அமெரிக்க அதிபரின் மன்னிப்புக் கிடைத்தது. வெருக்குக் கிடைக்கவில்லை. குடியுரிமையை விட்டவருக்கு மன்னிப்பு எதற்கு என்று ஈலான் மஸ்க் வெளிப்படையாகவே எழுதினார். அதையும் உங்கள் நிருபர் தொடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதம் பத்து சதவீதம் தருகிறோம் என்ற காயின் திட்டங்களின் அரைப்பக்க விளம்பரங்கள் இதே பத்திரிகையில் வந்தன. அதை நம்பி என் பக்கத்துக் கடைக்காரர் மனைவியின் நகையை அடகு வைத்தார். அதைப் பற்றி அன்று நான் எழுதிய கடிதம் பிரசுரமாகவில்லை. அவர்களைத் திருடன் என்று நீங்கள் எழுதியதே இல்லை ஐயா.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுவதாக இரண்டு வரியும், 1.7 கோடி டாலர் என்ற தொகையும் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
ரிச்சி தெரு, சென்னை - 2