மஞ்சள் நோட்டீசுக்குப் பிறகு வீடு மாறும் வாடிக்கையாளர்களுக்கு: கரண்டும் கேஸும்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தொழில் நொடித்து, கோர்ட்டில் ஐ.பி. (மஞ்சள் நோட்டீஸ் எனப்படும் நொடிப்பு மனு) போட்டு, இருந்த வீட்டையும் விட்டுவிட்டு வாடகை வீடு தேடுகிறவர்கள் எங்கள் எலக்ட்ரிக்கல் கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இனிமேல் என் பேரில் கரண்ட் கொடுப்பார்களா?" கொடுப்பார்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதே இல்லை. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரத்தில் இந்த நிலையில் வீடு மாறுகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

மின்வாரியம் சிபில் ஸ்கோர் பார்ப்பதில்லை. 2003-ம் வருட மின்சாரச் சட்டத்தின் 43-ம் பிரிவு, வீட்டின் உரிமையாளரோ அதில் குடியிருப்பவரோ கேட்டால் இணைப்பு தர வேண்டும் என்கிறது. வாரியம் பார்ப்பது இரண்டு: அந்த வீட்டு சர்வீஸில் (மின் இணைப்பில்) பாக்கி நிற்கிறதா, உங்கள் பெயரில் வேறு சர்வீஸில் பாக்கி நிற்கிறதா. பின்னால் வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டதால் வருபவை.

முதலில் விட்டுப்போகும் வீட்டைப் பாருங்கள். வங்கி கைப்பற்றி ஏலம் விட்ட பிறகும் மீட்டர் உங்கள் பெயரிலேயே ஓடும். ஏலம் எடுத்தவர் பெயர் மாற்றாமல் ஒரு குளிர்காலம் முழுக்க ஹீட்டர் போட்டால், கட்டாத பாக்கி உங்கள் பெயரில் ஏறும். 2022 நவம்பரில் தொடங்கிய ஆதார் இணைப்பில் உங்கள் ஆதாரையும் அந்த சர்வீஸோடு சேர்த்திருப்பீர்கள். ஆகவே சாவி கொடுக்கிற அன்றே மீட்டர் ரீடிங்கை, மீட்டர் நம்பரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். பிரிவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: சர்வீஸ் நம்பர், காலி செய்த தேதி, அன்றைய ரீடிங், வீடு இப்போது யார் வசம், உங்கள் பெயரிலான கணக்கை முடித்துத் தரும்படி கோரிக்கை. இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது.

அந்த சர்வீஸுக்குக் கட்டிய டெபாசிட், பாக்கி போக மிச்சம் திரும்ப வரும். இங்கேதான் பலர் தெரியாமல் தவறு செய்கிறார்கள். நீலகிரியில் தனிநபர் ஐ.பி. மனு 1920-ம் வருட மாகாண நொடிப்புச் சட்டத்தின் கீழ் போகிறது. நீங்கள் நொடித்தவர் என்று கோர்ட் உத்தரவிட்டதும் 28-ம் பிரிவின்படி உங்கள் சொத்து கோர்ட் வசமோ, கோர்ட் நியமிக்கும் பொறுப்பாளரான ரிசீவர் வசமோ போகிறது. திரும்பி வரும் டெபாசிட்டும் அதில் சேரும். தொகை சின்னது என்று எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள். வக்கீல் மூலம் ரிசீவருக்கு ஒரு வரி எழுதித் தெரிவித்துவிட்டால் பிரச்சினையில்லை.

பழைய ஈபி பாக்கியும் மஞ்சள் நோட்டீசோடு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கடன் பட்டியலில் அதையும் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. பாக்கி தீராத வரை அந்த லைனை வாரியம் திரும்பக் கொடுக்காது, புது விண்ணப்பமும் அதில் தட்டி நிற்கும் என்பது இன்னொன்று. அதற்காக மனு நிலுவையில் இருக்கும்போது கையில் இருக்கிற பணத்தை எடுத்து ஈபிக்கு மட்டும் கட்டினால், ஒருவருக்கு முந்திக் கொடுத்துவிட்டார் என்று மற்ற கடன்காரர்கள் கிளப்பலாம். வக்கீலைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். பாக்கி பழையது என்றால் மின்சாரச் சட்டத்தின் 56-ம் பிரிவையும் நினைவில் வையுங்கள்: முதலில் கேட்க வேண்டிய தேதியிலிருந்து இரண்டு வருடம் தாண்டிய தொகையை, இடைவிடாமல் பில்லில் பாக்கியாகக் காட்டி வந்திருந்தால் ஒழிய, கரண்டைத் துண்டித்து வசூலிக்க முடியாது. கரண்டைத் துண்டிக்கும் முன் முழுதாக 15 நாள் அவகாசத்தோடு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

இனி போகப்போகும் வீடு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் மீட்டர் ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையைக் கேளுங்கள். சர்வீஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு மின்வாரிய இணையதளத்தில் போட்டால் நிலுவை எவ்வளவு என்று வந்துவிடும். நம் பக்கத்து நம்பர்கள் கோவை மண்டலத்தின் 03-இல் தொடங்கும். அடுத்து பிரிவு, பகிர்மானம், கடைசியில் உங்கள் சர்வீஸ். ஒரு இலக்கம் மாறினாலும் அடுத்தவர் பில்லைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஏலத்தில் வாங்கிய வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். முந்தைய உரிமையாளரின் பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று விதி இருந்தால் புது உரிமையாளரிடம் அதைக் கேட்கலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது வீட்டுக்காரர் தலைவலி என்றாலும் இருட்டில் உட்காரப் போவது நீங்கள்.

வெள்ளை அட்டையில் டேரிஃப் (கட்டண வகை) என்ன போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். வீட்டு உபயோகம் என்றால் ஒன்று-ஏ. ஊட்டியிலும் குன்னூரிலும் சில காலம் ஹோம்ஸ்டேயாக ஓடி இப்போது குடும்பத்துக்கு விடுகிற வீடுகளில் மீட்டர் இன்னும் வணிக டேரிஃபிலேயே இருக்கும். அதில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே விலை கூடுதல். குடியேறும் முன்பே வீட்டுக்காரரை மாற்றித் தரச் சொல்லுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் போகிறவர்கள், நிலம், பழைய ஜன்ம எஸ்டேட்டுகளை ஒழித்த ஜன்மம் சட்டத்தின் 17-ம் பிரிவில் (குத்தகை நிலங்கள் பற்றியது) சிக்கியதா என்று விசாரியுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் இணைப்பு இல்லாத வீட்டுக்கு "அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பி அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

மீட்டரை எப்படிப் பார்ப்பது? டிஸ்ப்ளேயில் எண்கள் மாறி மாறி ஓடும். தேதி, நேரம், வோல்ட் எல்லாம் வரும். பக்கத்தில் கேடபிள்யூஎச் என்று வருகிற எண்தான் ரீடிங். பக்கத்திலேயே ஒரு சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருக்கும். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் அந்த விளக்கையே பாருங்கள். துடிப்பு நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் உங்கள் மீட்டரிலிருந்து வேறு யாருக்கோ லைன் போகிறது: மாடிப் போர்ஷனுக்கோ, பொதுத் தண்ணீர் மோட்டாருக்கோ, வாசல் விளக்குக்கோ. மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சடித்திருக்கும். 3200 என்று இருந்தால், 1000 வாட் ஹீட்டர் மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு 53 துடிப்பு வர வேண்டும். 80, 90 என்று வந்தால் வேறு ஏதோ ஓடுகிறது, அல்லது மீட்டரைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். மழை மாதங்களில் நம் ஊர்ச் சுவர் ஈரம் குடித்து வயரிங்கில் கசிவு வருவது சகஜம். கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சான ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதை பைபாஸ் பண்ணிக் கொடுக்கச் சொல்பவர்கள் உண்டு. நாங்கள் செய்ய மாட்டோம். வேறு யாரிடமும் செய்துகொள்ளாதீர்கள்.

சப் மீட்டர் வீடு என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு குடும்பம், ஒரே சர்வீஸ், இரண்டு மாதத்தில் ஆளுக்கு 260 யூனிட். தனித்தனி சர்வீஸ் என்றால் இருவருக்கும் தலா 100 இலவசம், மிச்சம் குறைந்த விலைப் படியில் முடியும். ஒன்றாகச் சேர்ந்தால் 520. இலவசம் 100 மட்டுமே. 500-ஐத் தாண்டிவிட்டதால் 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் போய்விடும். யாரும் கூடுதலாகச் செலவழிக்கவில்லை, பில் மட்டும் ஏறிவிட்டது. கொஞ்சம் வாடகை கூடினாலும் தனி மீட்டர் இருக்கிற வீடே லாபம் என்பது எங்கள் கருத்து.

பொதுவாக வாடகை வீட்டில் சர்வீஸ் வீட்டுக்காரர் பெயரிலேயே இருக்கும், நீங்கள் பில் மட்டும் கட்டுவீர்கள். அதுவே போதும். குடியேறும் நாள் ரீடிங்கை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். உங்கள் பெயரில் புது சர்வீஸ் வேண்டும் என்றால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் படிவம் 5-இல் வேண்டும். அவர் வெளியூரில் இருந்தாலோ மறுத்தாலோ வழி அடைபடவில்லை: சட்டப்படி அங்கே குடியிருக்கிறீர்கள் என்ற ஆதாரத்தோடு படிவம் 6-இல் உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்து, டெபாசிட்டை இரு மடங்கு கட்டினால் இணைப்பு பெறலாம். நொடித்தவர் என்பதற்காக யாரும் இரு மடங்கு கேட்பதில்லை. சம்மதக் கடிதம் இல்லாததற்குத்தான் அது. புது இணைப்புக்கு வயரிங்கை லைசென்ஸ் உள்ளவர் சோதித்திருக்க வேண்டும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருக்க வேண்டும்.

மச்சான் பெயரில், தம்பி பெயரில் சர்வீஸ் வாங்கிவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். நாளைக்குப் பில் தவறினால் அவர் பெயர் கெடும், ரிசீவருக்கும் சந்தேகம் வரும். உங்கள் பெயரில் வாங்குவதற்குத் தடையே இல்லாதபோது எதற்கு?

கேஸ் இணைப்பு இதைவிடச் சுலபம். அதே ஏஜென்சி எல்லைக்குள் மாறினால் முகவரியை மட்டும் மாற்றினால் போதும். தொலைவான வேறு ஊர் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, அதற்கான சீட்டான டெர்மினேஷன் வவுச்சர் வாங்க வேண்டும். அப்போது திரும்பக் கிடைப்பது நீங்கள் அன்றைக்குக் கட்டிய பழைய டெபாசிட். புது ஊரில் கட்ட வேண்டியது இன்றைய டெபாசிட்: 2022 ஜூனில் 14.2 கிலோ சிலிண்டருக்கு 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250 ரூபாய் என்று உயர்த்தினார்கள். இந்த வித்தியாசத்தைக் கையில் வைத்துக்கொண்டே வீடு மாறுங்கள். அடுப்பும் டியூபும் உங்களுடையவை, கூடவே வரும். டியூபில் அச்சடித்த வருடத்திலிருந்து ஐந்து வருடம் ஆகியிருந்தால் புதிது போடுங்கள். இடைப்பட்ட நாட்களுக்கு முகவரிச் சான்று கேட்காத 5 கிலோ சிலிண்டர் கிடைக்கிறது. கிலோ விலை கூடுதல், ஆனாலும் இடைக்காலத்துக்குச் சமாளிக்கலாம்.

மானியம் வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது கடைசியாக ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குப் போகும். அதே வங்கியில் கடன் நின்றால் வந்த பணத்தைக் கடனில் கழித்துக்கொள்ள வாய்ப்புண்டு. கடன் இல்லாத வங்கியில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு தொடங்கி, ரிசீவருக்கும் சொல்லிவிட்டு, ஆதாரை அங்கே மாற்றுங்கள். பழைய கணக்கில் ஈபிக்கு ஆட்டோ டெபிட் போட்டிருந்தால் நிறுத்துங்கள். பணமில்லாத கணக்கிலிருந்து பில் போகாது, போயிற்று என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், ரீடிங் எடுத்து 20 நாள் கழிந்து லைன்மேன் வந்து நிற்பார்.

அடுத்தது எங்கள் கடையையும் தொடுகிற விஷயம். நொடிப்பு நிலையிலிருந்து விடுவிக்கும் கோர்ட் உத்தரவை இன்னும் பெறாத நிலையில், அந்த நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவது 1920-ம் வருடச் சட்டத்தின் 72-ம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. நூறு வருடத்துக்கு முந்தைய தொகை அது, மாறவே இல்லை. தவணையில் கீசர் வாங்குவதும், கடையில் கணக்கு எழுதிவிட்டு ஹீட்டர் எடுத்துப் போவதும் கடன்தான். ஆகவே எங்களிடம் தவணை கேட்கும்போது நிலைமையைச் சொல்லிவிடுங்கள். சொன்னால் பில்லிலேயே குறித்துக்கொள்வோம், உங்களுக்கும் அது பாதுகாப்பு. சொன்னதற்காக யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம், அடுத்தவரிடம் பேசவும் மாட்டோம்.

இப்போதைக்குக் கீசரே தேவையில்லை என்பது எங்கள் எண்ணம். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட்தான் ஆகும். 1500 வாட் ராட் போட்டால் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நான்கு பேர் வீட்டில் நாளைக்கு இரண்டு யூனிட், இரண்டு மாதத்தில் 120. ராடை வாளியில் வைத்த பிறகு சுவிட்ச், சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகு தண்ணீரில் கை. பில்லை ஏற்றுவது ரூம் ஹீட்டர். 2000 வாட் ஹீட்டர் தினம் மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் அது மட்டுமே 360 யூனிட். டிசம்பர், ஜனவரி உறைபனியில் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஒரே அறையில் எல்லோரும் படுங்கள், ஜன்னல் இடுக்கை அடையுங்கள், படுக்கும் முன் ஒரு மணி நேரம் போட்டு அணையுங்கள்.

கரண்ட் இல்லை என்றோ பில்லுக்குப் பயந்தோ கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். நம் மலைகளில் இப்படிப் போன உயிர்கள் உண்டு. இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பில் கட்ட முடியாத மாதம் வந்தால், கடைசித் தேதிக்கு முன்பே பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் தவணை கேளுங்கள். லைன் அறுந்த பிறகு கேட்பதைவிட முன்னால் கேட்டால் பேசுகிற விதமே வேறு. வாடகைத் தகராறில் வீட்டுக்காரரே ஃபியூஸைப் பிடுங்கினால், வாடகைச் சட்டப்படி கரண்டையும் தண்ணீரையும் நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். மின்வாரியப் புகாருக்கு மின்னகம் 94987 94987, இரவு பகல் எடுப்பார்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். அதிலும் தீராவிட்டால் வட்ட அளவில் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது.

வீடு பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கும் முன் வெள்ளை அட்டையின் போட்டோவையும், மெயின் அணைத்த நிலையில் மீட்டரை எடுத்த இரண்டு நிமிட வீடியோவையும் கடைக்குக் கொண்டு வாருங்கள். பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் இல்லை. ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை பத்து மணி முதல் இருக்கிறோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தார்,
குன்னூர்