செயலாளர் அறிக்கை: அலுமாரியில் ஒரு கோப்பை குறைந்த ஆண்டு

மதிப்புக்குரிய விளையாட்டுக் கழகத் தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பயிற்றுவிப்பாளர்களே, பெற்றோரே, மைதானத்திலிருந்து வேர்வையோடு நேரே வந்து பின்வரிசையில் குந்தியிருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

போனமுறை என் அறிக்கை நீளம் என்று பலர் முறைப்பட்டீர்கள். ஆகவே கூட்ட விபரம், கடித விபரம் எல்லாவற்றையும் அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டேன். தேத்தண்ணி குடிக்கும்போது பாருங்கள். நிர்வாகக் குழு மாதாமாதம் கூடியது. மாரியில் இரண்டு மாதம் கூடவில்லை, அது என் பிழை.

சரி, கோப்பை விஷயம். இதைப் பற்றி ஊருக்குள் நாலு விதமாகக் கதை உலாவுவதால், நடந்ததை நடந்தபடி குறிப்பேட்டில் ஏற்றிவிடுகிறேன்.

ஆண்களுக்கான 4x100 மீற்றர் அஞ்சலோட்டம், நாலு பேர் ஒரு கோலைக் கைமாற்றிக் கைமாற்றி ஓடுவது. எங்கள் பொடியன்கள் முதலாவதாக வந்தார்கள். வெடிகூடக் கொளுத்தியாகிவிட்டது. அந்த நேரம் மூன்றாவதாக ஓடிய தம்பி என்னிடம் வந்து, "அண்ணா, கடைசிக் கோல் எல்லைக்கு வெளியாலதான் கைமாறினது" என்றான். காலையிலிருந்து ஓடி ஓடிப் புல்லில் சுண்ணாம்புக் கோடு அழிந்திருந்தது. அந்த வளைவில் நின்ற நடுவர் வேறு ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிழை கண்டால் தூக்கும் மஞ்சள் கொடி எழவில்லை. நான் சொன்ன பதிலையும் மறைக்காமல் எழுதுகிறேன்: "கொடி தூக்கினவங்களோ? இல்லைத்தானே. பேசாமல் இரு."

அவன் பேசாமல் இருக்கவில்லை. மற்ற மூவரிடமும் போய்ச் சொன்னான். நால்வருமாக நடுவர் மேசைக்குப் போனார்கள். எங்கள் அணி நீக்கப்பட்டது. அந்தப் புள்ளிகளோடு ஒட்டுமொத்தச் சம்பியன் கோப்பையும் போனது.

இதன் பிறகு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்த யுத்தம் உங்களுக்குத் தெரியும். "கால் உள்ளுக்குத்தானே நின்றது" என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டியவர்களுக்கு விதியைச் சொல்கிறேன். கோல் மாற்றும் எல்லை 30 மீற்றர். முன்பு 20 மீற்றராக இருந்ததை 2017 இறுதியில்தான் நீட்டினார்கள். அதற்குள் கைமாற வேண்டியது கோல். காலோ உடம்போ எங்கே நின்றது என்பது கணக்கே இல்லை. கோல் வெளியே கைமாறினால் வெளியேதான். ஓடியவனுக்கு அது தெரிந்திருந்தது. வீடியோ பார்த்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

நன்கொடை தருவதாகச் சொன்ன ஒருவர் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். பொருளாளரின் கணக்கில் ஒரு வரி வெறுமையாக இருப்பது அதனால்தான். அந்தக் காசு வராததில் எனக்கும் கவலை உண்டு, ஸ்பைக்ஸ் சப்பாத்துக்கு நம்பியிருந்த காசு அது. ஆனால் அதைக் கேட்டு யாரும் அவர் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று குழு முடிவெடுத்தது. மறுபக்கம், கோப்பையைப் பெற்ற கழகத்தின் பயிற்றுவிப்பாளர் எங்கள் நாலு பேரையும் கூட்டிப்போய் சோடா வாங்கிக் கொடுத்தார். அந்தக் கழகத்தார் இப்போது புதன்கிழமைகளில் எங்களோடு சேர்ந்து பயிற்சி எடுக்கிறார்கள்.

நேர்மை ஒரு பக்கம் இருக்க, கோல் ஏன் எல்லையைத் தாண்டிப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். வாடைக்காற்றோடு மழை பிடித்தால் மைதானம் குளமாகிவிடும். கார்த்திகை, மார்கழி முழுக்க திருகோணமலை டச் பே கடற்கரையில்தான் பயிற்சி. கோல் கொண்டு வருபவன் எங்கே வந்ததும் அடுத்தவன் புறப்பட வேண்டும் என்று மணலில் அடி எண்ணி வைத்த குறியையே போட்டியன்று இறுகிய தரையிலும் வைத்தோம். மணலில் கால் புதையும், புறப்படுபவன் வேகமெடுக்க நேரமாகும். தரையில் அவன் பறந்துவிடுவான், பின்னால் வருபவன் களைத்த காலோடு எட்டிப் பிடிக்க வேண்டும். போட்டியன்று காலை குறியைத் திரும்ப அளக்க வேண்டியது எங்கள் வேலை. பஸ் பிந்தியது என்று சாட்டுச் சொல்லி அதைச் செய்யாமல் விட்டோம். இனிமேல் குறி அளக்காமல் அஞ்சலோட்டத்துக்கு இறங்குவதில்லை.

நேரக் கணிப்பு பற்றியும் ஒரு முறைப்பாடு வந்தது. தன் மகன் 100 மீற்றரை 10.81 செக்கனில் ஓடியதை நான் 10.9 என்று எழுதிவிட்டேனாம். ஐயா, கையால் அமத்தும் கடிகாரத்தில் எடுத்த நேரத்தை அடுத்த பத்தில் ஒன்றுக்கு மேலேற்றித்தான் எழுத வேண்டும். அது விதி, என் எரிச்சல் அல்ல. மேலும் அன்று கச்சான் காற்று முதுகில் தள்ளிக்கொண்டிருந்தது. காற்று செக்கனுக்கு 2 மீற்றரைத் தாண்டினால் உலகச் சாதனையே செல்லாது. எங்களிடம் காற்றுமானி கிடையாது. ஆகவே கச்சான் காலத்து நேரங்களுக்குப் பக்கத்தில் "கா" என்று ஒரு எழுத்துப் போடுகிறேன். தம்பி வேகமானவன்தான், வாடையிலும் ஓடிக் காட்டட்டும்.

பெண்களுக்கான 5000 மீற்றரில் எங்கள் தங்கச்சி கடைசியாக வந்தார். பன்னிரண்டரைச் சுற்று. மற்ற எல்லோரும் முடித்த பிறகு அவருக்கு இன்னும் இரண்டு சுற்று மிச்சம். அடுத்த போட்டிக்கு நேரமாகிறது, இறங்கச் சொல்லுங்கள் என்று ஒலிபெருக்கிக்காரர் என்னிடம் வந்து கேட்டார். அவரிடமே கேளுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை, தங்கச்சியும் இறங்கவில்லை. எங்கள் பொடியன்கள் சிலர் உற்சாகப்படுத்துவதாகத் தங்கச்சியின் பக்கத்தில் ஓட வெளிக்கிட்டார்கள். போட்டியில் இல்லாதவர் கூட ஓடினால் அது உதவியாகக் கணிக்கப்படும், தங்கச்சியை நீக்கவும் கூடும். தொண்டை கிழியக் கத்தி அவர்களைக் கலைத்தது நான்தான். அன்று என்னைத் திட்டியவர்களுக்கு இதுவே விளக்கம்.

அந்த வாரம் பிள்ளைகளுக்கு ரணதுங்க கருணானந்தாவின் கதையைச் சொன்னேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக், 10,000 மீற்றர், மார்பில் 67ஆம் இலக்கம். தங்கம் அமெரிக்காவின் பில்லி மில்ஸுக்குப் போய்விட்டது. எங்கள் நாட்டு ஆள் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். முதலில் சிரித்த சனம் கடைசிச் சுற்றில் எழும்பி நின்று கைதட்டியது. அவர் கதை ஜப்பான் பாடசாலைப் புத்தகத்தில் ஏறியது. எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் பெயர்கூடத் தெரியவில்லை. பில்லி மில்ஸையும் தெரியாதுதான், அது வேறு விஷயம்.

ஜிம்முக்குப் போகும் தம்பிமாருக்கு ஒரு சொல். பெயர் தெரியாத மாவை டின்னோடு வாங்கிக் குடித்துவிட்டு, கடைக்காரர் தந்தது என்று பரிசோதனையில் சொன்னால் தப்ப முடியாது. உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு விளையாடுபவரே பொறுப்பு. சுசந்திகா ஜயசிங்க 2000இல் சிட்னியில் 200 மீற்றரில் மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்தை ஒத்துக்கொண்டது 2007இல். வெள்ளி சுசந்திகாவுக்கென்று ஆனது 2009இல். ஓடி முடித்தவர் ஒன்பது வருடம் காத்திருந்தார்.

மற்றவை சுருக்கமாக. கரப்பந்து அணி அரையிறுதியோடு திரும்பியது. கோணேசர் கோயில் ஏற்றத்தில் அதிகாலை ஓட்டம் தொடர்கிறது. கோட்டைக்குள் மான்களைக் கலைத்து விளையாட வேண்டாம் என்று ஏற்கனவே இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. நிறுத்து கடிகாரம் இரண்டும் அளவு நாடா ஒன்றும் வாங்கினோம்.

கடைசியாக, பெண்களுக்கான குண்டெறிதலில் எறியும் 4 கிலோ இரும்புக் குண்டு ஆடி மாதத்திலிருந்து காணவில்லை. யார் வீட்டிலாவது கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடந்தால் தயவுசெய்து கொண்டுவந்து தாருங்கள். பெயர் குறிப்பேட்டில் ஏறாது.