வைரம் வாங்கித் தந்த வீடு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் பிட் வைரம் பற்றிய கட்டுரை படித்தேன். கல்லின் கதை சரி, அதை விற்ற காசு போய்ச் சேர்ந்த வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று மனசு கேட்கவில்லை. சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட், ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 48,000 வராகனுக்கு வாங்கிய 410 காரட் கல் அது. மகன் ராபர்ட் அதைப் பூட்ஸ் குதிகாலில் ஒளித்துக் கப்பலேறினார் என்று சொல்வார்கள். பட்டை தீட்டியபின் 140 காரட்தான் மிச்சம், அதை 1717இல் பிரான்சுக்கு விற்றார்கள். அந்தச் செல்வத்தில் இங்கிலாந்தின் பெர்க்ஷயரில் கிளாரண்டன் பிரபு குடும்பத்தின் ஸ்வாலோஃபீல்ட் பார்க் மாளிகையை வாங்கி, 1726இல் பிட் அங்கேயே கண்ணை மூடினார். அப்புறம் அவர் குடும்பமும் விற்றுவிட்டது. கைமாறிக் கைமாறி 1820இல் அது வந்து சேர்ந்தது யாரிடம் தெரியுமா? வங்காளத்தில் தலைமை நீதிபதியாக இருந்த ஹென்றி ரஸ்ஸலிடம்! மறுபடியும் இந்தியாவில் சம்பாதித்தவர். ரஸ்ஸல் குடும்பம் நூறு வருஷத்துக்கு மேல் அங்கே வாழ்ந்தது, இன்று மாளிகை தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரிந்திருக்கிறது. அடுத்த முறை வீட்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், மயிலாப்பூர்