பீப் சத்தத்துக்கு யாரும் திரும்புவதில்லை: கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

கடை நடத்தும் முதலாளிகளுக்கு வணக்கம்.

16 வருடம் பெரிய கடைகளில் வேலை பார்த்தவள் நான். ரேக் அடுக்கினேன், பில் போட்டேன், கடைசி சில வருடங்கள் ஸ்டாக் எடுத்தேன், அதாவது இருக்கும் பொருளை எண்ணிக் கணக்கோடு ஒப்பிட்டேன். திருட்டைத் தடுப்பதற்கென்று நீங்கள் ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு வாசலுக்கே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொருள் போவதோ உள்ளே, ஆள் இல்லாத மூலையில். வேலையில் இருந்தபோது இதைச் சொன்னால் "போய் உன் வேலையைப் பாரும்மா" என்பார்கள். இப்போது அந்த வேலையில் இல்லை. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

வாசலில் இருந்தே ஆரம்பிக்கலாம். அங்கே நிற்கும் இரண்டு அலாரத் தூண்களுக்கும் திருடனைத் தெரியாது. ஒரு வகைத் தூண் 8.2 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை அனுப்புகிறது, இன்னொரு வகை 58 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. திருட்டைத் தடுக்கப் பொருளில் மாட்டுகிற டேக் எதுவாவது அதற்குப் பதில் கொடுத்தால் தூண் கத்தும், அவ்வளவுதான். பில் போடுகிற பெண் அவசரத்தில் டேக்கைச் செயலிழக்க வைக்க மறந்தாலும் கத்தும். வேறு கடையில் வாங்கிய சட்டைக்குள் எடுக்கப்படாத டேக் இருந்தாலும் கத்தலாம். ஒரு சாயங்காலம் சும்மா எண்ணிப் பார்த்தேன். 11 தடவை கத்தியது. 11 பேரும் பணம் கட்டியவர்கள். ஏழாவது தடவைக்குப் பிறகு செக்யூரிட்டி அண்ணன் தலையைக்கூடத் திருப்பவில்லை, "போங்க, போங்க" என்று கையை மட்டும் ஆட்டினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பொய் சொல்லியே பழகின மணியை யார்தான் நம்புவார்கள்?

ஒரு நாள் மட்டும் அந்தக் கை ஆடவில்லை. அன்று மேனேஜர் வாசலில் நின்றிருந்தார். வயதான ஒரு அம்மா வெளியே போகும்போது தூண் கத்தியது. பையைக் கொட்டச் சொன்னார்கள். கொட்டியது நான்தான். மூக்குக் கண்ணாடிக் கூடு, மாத்திரை அட்டை, மடித்து வைத்த பழைய பில்கள், ஒரு கைக்குட்டை. எங்கள் பொருள் என்று இருந்த ஒன்றே ஒன்றுக்கும் பில் இருந்தது. டேக் சரியாக அணையவில்லை. அந்த அம்மா எதுவும் பேசவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய ஒழுங்கிலேயே பைக்குள் வைத்தார். மாத்திரை அட்டையை வைக்கும்போது கை நடுங்கியது. அதன்பிறகு அவரை நான் கடையில் பார்த்ததே இல்லை. இந்த நஷ்டம் எந்த ஸ்டாக் கணக்கிலும் ஏறாது.

சரி, உள்ளே வருவோம்.

ஸ்டாக் எடுக்கும்போது ரேக்கின் பின்வரிசைக்குக் கையை விட்டால் சில நேரம் எடையே இல்லாத ஒரு அட்டை வரும். ஓரம் நகத்தால் கீறியிருக்கும். உள்ளே இருந்த லிப்ஸ்டிக் போயிருக்கும், டேக் மட்டும் அட்டையிலேயே பத்திரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலான கடைகளில் இதைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். உங்கள் கேமரா சொல்லாததை அந்தக் காலி அட்டை சொல்லும். பொருள் இருந்த இடம் ஒன்று, அட்டை கிடக்கும் இடம் வேறொன்று. எடுத்தவர் எங்கே நின்றால் யார் கண்ணும் படாது என்று நினைத்தாரோ, அட்டை அங்கேதான் கிடக்கும்.

நாங்கள் ஒரு முறை இரண்டு வாரம் அட்டைகளைச் சேர்த்து, கடை வரைபடத்தில் பேனாவால் புள்ளி வைத்தோம். பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து விழுந்தது, ஆஃபர் பொருட்களுக்காக ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த ஒரு ஸ்டாண்டுக்குப் பின்னால். ஸ்டாண்டை இடுப்பு உயரத்துக்குக் குறைத்தோம். செலவு எதுவும் இல்லை. காலி அட்டை முழுதாக நின்றது என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் அடுத்த வரிசைக்கு நகர்ந்தது. ஆனால் மொத்தத்தில் நன்றாகவே குறைந்தது.

எல்லாப் பொருளும் ஒரே மாதிரி போவதும் இல்லை. ரொனால்டு கிளார்க் என்ற குற்றவியலாளர் 1999-இல் அதிகம் திருடு போகும் பொருட்களுக்கு ஆறு குணங்களைச் சொன்னார்: மறைக்க எளிது, தூக்கிப்போக எளிது, கைக்கு எட்டும், மதிப்புள்ளது, வைத்திருக்க ஆசையானது, விற்றுத் தள்ள எளிது. பிளேடு பாக்கெட்டையும் சென்ட் பாட்டிலையும் கையில் வைத்துக்கொண்டு இந்த ஆறையும் படித்துப் பாருங்கள். கடை முழுக்க டேக் ஒட்டி ஊழியர்களைக் களைப்படைய வைப்பதை விட, இந்த மாதிரி முப்பது நாற்பது பொருளைத் தேர்ந்தெடுத்து, ஆள் எப்போதும் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். தினமும் அவற்றை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். கண்ணாடிக் கூண்டில் பூட்டுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். சாவிக்காரர் வரும்வரை பலரும் காத்திருப்பதில்லை, அப்படியே போய்விடுகிறார்கள்.

இதெல்லாம் ஆள் இருந்தால்தான் நடக்கும். நம் சிக்கலே அங்கேதான். 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறக்கும்வரை, பெரும்பாலான கடைகளில் வாடிக்கையாளர் கேட்பார், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். சாண்டர்ஸ் அதை மாற்றி, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் அவர் சும்மா திறந்து விடவில்லை. சுழல் கதவு வழியாக உள்ளே வந்தால் ஒரே பாதைதான், அது கல்லாவில் போய்த்தான் முடியும். சுதந்திரம் கொடுத்த அதே மனிதர் இடத்தையும் யோசித்து அமைத்தார். நாம் சுதந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அப்புறம் ஆளையும் குறைத்தோம், பில் போடுவதையும் வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிட்டோம்.

"வாங்க, என்ன பார்க்கறீங்க?" என்று முகம் பார்த்துக் கேட்கிற ஒரு ஊழியரைப் போன்ற தடுப்பு வேறில்லை. வாங்க வந்தவருக்கு அது உதவி. எடுக்க வந்தவருக்கு, தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்ற செய்தி. யாரையும் அவமானப்படுத்தாமல் இரண்டும் நடந்துவிடுகிறது. ஆனால் அந்த ஊழியர் மூன்று வரிசையை ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டு, டெலிவரி பெட்டியையும் பிரித்துக்கொண்டு இருந்தால் எப்படி நிமிர்ந்து பார்ப்பார்?

நஷ்டக் கணக்கு எனக்கும் தெரியும். நிகர லாபம் நூற்றுக்கு 2 என்றால், போன ஒன்றை ஈடுகட்ட அதே பொருளில் ஏறக்குறைய 50 விற்க வேண்டும். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கோபம் இறங்குகிற இடம் தப்பு.

ஸ்டாக் குறைந்தால் எல்லாமே திருட்டு இல்லை. உள்ளே வேலை செய்பவர் எடுப்பதும் உண்டு, மறுக்கவில்லை. சப்ளையர் குறைவாக அனுப்புவதும், உடைந்ததை எழுதாமல் விடுவதும், கணினியில் தப்பாக ஏற்றுவதும் உண்டு. ஒரு கடையில் பேட்டரி 12 குறைகிறது என்று, அந்த ரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்த பையனை இரண்டு மாதம் சந்தேகப்பட்டார்கள். தினமும் வீட்டுக்குப் போகும்போது அவன் பையை மட்டும் இரண்டு தடவை பார்த்தார்கள். கடைசியில் பழைய ரசீதைத் தேடி எடுத்தோம். வந்தது 12 இருக்கும் ஒரு பெட்டி, ஏற்றியது 24. அவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தான்.

இதைவிட மோசம், ஷார்ட்டேஜை ஊழியர் சம்பளத்தில் பிடிப்பது. அப்படிப் பிடித்த இடங்களில் நான் பார்த்தது ஒன்றுதான்: யாரும் காலி அட்டையைக் கொண்டுவந்து காட்டமாட்டார்கள். காட்டினால் காசு போகும். உங்களுக்கு வேண்டிய தகவலை நீங்களே காசு கொடுத்து ஒளிக்கச் சொல்வது மாதிரி.

இன்னொன்று. எடுத்துக்கொண்டு ஓடுபவரைத் துரத்தச் சொல்லாதீர்கள். ஓடுகிறவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது, துரத்துகிறவர் வீட்டில் ஆள் காத்திருக்கும். அதேபோல், பொருளை எடுத்ததிலிருந்து கல்லாவைத் தாண்டும்வரை கண் விலகாமல் பார்த்திருந்தால் ஒழிய யாரையும் நிறுத்தாதீர்கள். "எடுத்த மாதிரி இருந்தது" என்பது போதாது. பிடிபட்டவர் படத்தை வாசலில் ஒட்டுவதும் குழுக்களில் அனுப்புவதும் வேண்டாம். அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முகத்தையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை உங்கள் கடைக்குப் போகும்போது மேனேஜருக்குச் சொல்லாமல் போங்கள். வாசல் பக்கம் அரைமணி நேரம் நின்று, தூண் கத்தும்போது எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று எண்ணுங்கள். பிறகு லிப்ஸ்டிக் ரேக்குக்குப் போய்ப் பின்வரிசைக்குள் கையை விட்டுப் பாருங்கள். கிடைத்ததை மேனேஜரிடம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த ரேக்கை அடுக்குகிற பெண்ணிடம் காட்டி, "இது எங்கே கிடக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். அவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் ரேக்குகளை எண்ணி எண்ணிக் கை காய்த்த ஒருத்தி